90 பேரைத் தேடிப் போனவர்கள்: சமூக மனநல ஆராய்ச்சிக்கான கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, ஒன்றிய சுகாதார அமைச்சகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்குப் பணம் தரும் அறக்கட்டளைகள்.

அனுப்புநர்: மனநல ஆய்வில் வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர்கள், களப்பணியாளர்கள், எங்களைத் தங்கள் வீட்டுக்குள் அனுமதித்த குடும்பத்தார்.

பழைய எண் 14, புதிய எண் 31. சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களுக்கு நடுவே எத்தனை சந்து கிடக்கிறது என்று தெரியும். கையில் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்தைய கேஸ் ஷீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த முகவரிச் சீட்டு. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டால், “அந்தக் குடும்பமா? அவங்க கண்ணகி நகர் போயி எத்தனையோ வருஷம் ஆச்சே” என்பார். அங்கே எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. பஸ் ஏற வேண்டியதுதான். புதுத் தெருவுக்குள் நுழையும் முன், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வோம். அதில் ‘மனநல’ என்ற சொல் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் கண்ணில் அது பட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வருகிற வரன் தட்டிப்போகும்.

எங்கள் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இதுதான். கட்டுரையில் இது ‘பின்தொடர்தல்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

1981-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவத் துறையில், மனச்சிதைவு நோய் முதன்முறையாகத் தாக்கி வந்த 90 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய வாழ்க்கை எந்தப் பக்கம் போகிறது என்று கூடவே போய்ப் பார்ப்பது திட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பணம் கொடுத்தது. லக்னோவும் வேலூரும் அதே ஆய்வின் மற்ற மையங்கள். கவுன்சிலின் திட்டக் காலம் முடிந்தது. சென்னைக் குழு விடவில்லை. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ‘ஸ்கார்ஃப்’ அந்தப் பட்டியலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. டாக்டர் ஆர். தாராவும் அவருடைய சகாக்களும் பத்தாண்டு முடிவுகளை 1994-இல் வெளியிட்டார்கள். இருபதாண்டு முடிவுகள் 2004-இல் வந்தன. அப்போதும் 61 பேர் கண்ணில் இருந்தார்கள்.

இருபது வருஷம் கழித்து 90-இல் 61. மாநகராட்சியே தெருப் பெயர்களை மாற்றிக்கொண்டிருந்த ஊரில், செல்போன் வராத காலத்தில் தொடங்கிய வேலை இது. அதனால்தான் உலகம் இன்றும் ‘மெட்ராஸ் ஆய்வு’ என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்த நோய் வந்தால் ஆயுசுக்கும் அவ்வளவுதான் என்ற நினைப்பை அது அசைத்தது. நோய் வந்து, அடங்கி, மறுபடி தலைகாட்டியவர்கள் பலர். அதற்கு நடுவிலேயே வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள். ஒரு தடவை ஓ.பி.யில் பார்த்து அனுப்பிவிட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

இன்று 30 வயது ஆய்வாளர் ஒருவர் இதே வேலையைச் செய்யக் கிளம்பினால் என்ன ஆகும்? கிடைப்பது பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டம். முதல் ஆறு மாதம் எத்திக்ஸ் கமிட்டிக்கும் ஆள் எடுப்பதற்கும் போய்விடும். கடைசி ஆறு மாதம் செலவுக் கணக்குக்கும் இறுதி அறிக்கைக்கும். நடுவில் மிஞ்சுவது இரண்டு வருஷம். மனச்சிதைவின் கதையில் அது முதல் அத்தியாயத்துக்கே போதாது. திட்டம் முடிந்த அன்று ஆய்வாளரும் களப்பணியாளரும் வேறு வேலை தேடுவார்கள். பட்டியல் ஒரு பீரோவுக்குள் போகும். ஒருவரை வருஷக்கணக்கில் விடாமல் தொடர்ந்து பார்த்ததால் கிடைத்த அறிவை வைத்துத்தான் இந்தத் துறை இங்கே தலைநிமிர்ந்தது. அப்படித் தொடர்ந்து பார்க்க இன்று எவருக்கும் வழி இல்லை. எங்கள் குறை முழுவதும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

முதல் கோரிக்கை: நீண்ட காலப் பணம்

மனநோயின் போக்கைப் படிக்கும் ஆய்வுகளுக்குக் குறைந்தது 15 ஆண்டுக்கு உறுதியான நிதி வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்யட்டும், கேள்வி கேட்கட்டும், தரம் போதாது என்றால் நிறுத்தட்டும். அதற்கு நாங்கள் தயார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஆய்வை நிதியாண்டு முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்தக் கூடாது. மாநில அரசும் இதில் பங்கு போட வேண்டும். ஒரு திட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே விழும் மாதங்களில் களக்குழுவின் சம்பளத்தைத் தாங்க ஓர் இடைக்கால நிதி போதும். பெரிய தொகைகூட இல்லை. அந்த மாதங்களில்தான் பாதி ஆட்களை நாங்கள் தொலைக்கிறோம்.

இரண்டாவது: களப்பணியாளர்களுக்கு வேலையும் பெயரும்

எங்கள் டேட்டாவைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த பெண்கள். காலையில் ஒரு தண்ணீர் பாட்டில், டேப், கன்சென்ட் ஃபார்ம் கட்டு, தயிர்சாத டப்பா. வீட்டில் கதவு திறக்க மூன்று நடை போக வேண்டும். முதல் நடையில் “அவன் ஊருக்குப் போயிருக்கான்” என்பார்கள், உள்ளே டி.வி. சத்தம் கேட்கும். இரண்டாவது நடையில் அம்மா மட்டும் வாசலில் நின்று பேசுவார். மூன்றாவது நடையில், “உள்ள வாம்மா, வெயில்ல நிக்காத” என்று மோர் வரும். ஆய்வு அப்போதுதான் தொடங்கும். அந்த மோருக்கு எந்த பட்ஜெட்டிலும் தலைப்பு இல்லை. முதல் இரண்டு நடைக்கான பஸ் செலவைக்கூட, ‘பேட்டி முடிந்ததற்கு ஆதாரம் இல்லை’ என்று திருப்பி அனுப்பிய கணக்குப் பிரிவுகளைப் பார்த்திருக்கிறோம்.

ஆகவே கேட்கிறோம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் ஆய்வுக் களப்பணியாளர் என்ற நிரந்தரப் பணியிடம் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். பயணப்படி வேண்டும். மகப்பேறு விடுப்பு, வருங்கால வைப்பு நிதி ஆகியவை சலுகை இல்லை, சட்டப்படி கிடைக்க வேண்டியவை. கட்டுரையில் அவர்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். கடைசிப் பத்தியில் ‘களக்குழுவுக்கு நன்றி’ என்பதோடு முடித்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று. தற்கொலை நடந்த வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவர், மறுநாள் காலை அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவருடைய மனசை யார் கேட்பது? மனநலத் துறைக்குள் இருந்துகொண்டு இதைக் கோரிக்கையாக எழுத வேண்டியிருப்பது எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது: தமிழில் கேளுங்கள், தமிழில் சொல்லுங்கள்

கிராமத்தில் ஓர் அம்மாவிடம் எங்கள் படிவத்தில் அச்சாகியிருந்தபடியே, “கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வு இருந்ததா?” என்று கேட்டோம். “சோர்வு இல்லாம? காலையிலேருந்து களை எடுக்கிறேன்ல” என்றார். படிவத்தில் ‘ஆம்’ கட்டத்தில் டிக் விழுந்தது. அவரிடம் “மனசு சரியில்லாம இருக்கா, யாரோடும் பேசப் பிடிக்கலையா” என்று கேட்டிருந்தால் வேறு கதை வந்திருக்கும். நெஞ்சு படபடக்குது, மண்டை காந்துது, தூக்கம் பிடிக்கல, ஒரே வெறுப்பா இருக்கு: நம் மக்கள் மனவேதனையைச் சொல்லும் வழி இது. ஆங்கில அளவுகோலை மேஜையில் உட்கார்ந்து மொழிபெயர்த்து, திருப்பி ஆங்கிலமாக்கிச் சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். நெல்லையில் ஒரு தடவை, தருமபுரியில் ஒரு தடவை பேசிப் பார்க்காத எந்த அளவுகோலுக்கும் பணம் தராதீர்கள்.

முடிவுகளும் தமிழில் வர வேண்டும். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆங்கிலத்தில் எழுதியதோடு நிற்காமல், ‘மனவடு’ என்று தமிழிலும் நூல் எழுதினார். அந்தச் சொல்லே நம் மொழிக்கு ஒரு கொடை. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு மனநல ஆய்வுக்கும் நான்கு பக்கத் தமிழ் அறிக்கை கட்டாயமாகட்டும். பங்கேற்றவர் வீட்டுக்கு அது போய்ச் சேரட்டும், தபாலில் வேண்டாம், கையில்.

நான்காவது: சாவைச் சரியாக எண்ணுங்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். இது போலீஸ் கணக்கு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி வட்டாரத்தில் 1994 முதல் 1999 வரை வேறு விதமாக எண்ணியது. சுமார் ஒரு லட்சம் பேர் வசிக்கும் பகுதி. சாவு நடந்த வீட்டுக்கு, அந்த ஊரை அறிந்த சுகாதாரப் பணியாளர் போய், என்ன நடந்தது என்று பதமாகக் கேட்டு எழுதினார். லட்சத்துக்குச் சுமார் 95 தற்கொலை என்று வந்தது. அதே காலத்தில் நாட்டின் அதிகாரபூர்வ விகிதம் 11-ஐ ஒட்டித்தான் இருந்தது. 10 முதல் 19 வயது வரையிலான பெண்பிள்ளைகளைத் தனியாக எண்ணிப் பார்த்தபோது, ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 என்று வந்ததை 2004-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ‘வயித்துவலி தாங்காம மருந்தக் குடிச்சிருச்சு’ என்றோ, ‘கெணத்துல தவறி விழுந்துருச்சு’ என்றோ முடிந்துபோன கதைகள் எத்தனை அதில் இருந்திருக்கும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

மாவட்டத்துக்கு ஒரு வட்டாரத்தில் இந்த முறையில் சாவுக் கணக்கு எடுக்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு என்று இல்லாமல் தொடர்ந்து. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. ஆனால் வார்டில் இன்னமும் முதலில் வருவது போலீஸ் விசாரணை பற்றிய பயம்தான். பயத்தில் குடும்பம் பொய் சொல்லும்; கணக்கு அங்கேயே கெட்டுப்போகும்.

எண்ணினால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். என்ன செய்யலாம் என்பதற்கும் பதில் ஏற்கெனவே கையில் இருக்கிறது. சென்னையில் 1986-இல் ‘ஸ்நேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் பங்கெடுத்த, சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வைப் பாருங்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள் 1,867 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் பேச்சு. பிறகு 18 மாதத்தில் 9 தடவை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க’ என்ற விசாரிப்பு. 18 மாத முடிவில் விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். 2008-இல் வெளிவந்த முடிவு இது. ஒன்பது விசாரிப்பு! எத்தனை அரசு மருத்துவமனைகளில் இன்று இது நடக்கிறது? காட்டுமன்னார்கோவில் பகுதியில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைத்துப் பார்த்த முயற்சியும் அப்படித்தான். ஆய்வாக நடந்தது, கட்டுரையாக வந்தது. அதோடு சரி. முடிவு வந்த இரண்டு வருஷத்துக்குள் அதை நடைமுறைப்படுத்தப் போகிறோமா இல்லையா, இல்லை என்றால் ஏன் என்று துறை எழுத்தில் சொல்ல வேண்டும். இது எங்கள் சாசனத்தின் மிக முக்கியமான வரி.

ஐந்தாவது: கோயில், தர்கா வாசலில்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. தர்கா ஊரான ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 2002-இல், டாக்டர் ஆர். ரகுராமும் குழுவினரும் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து எதுவும் தரப்படாத அந்த இடத்தில், குடும்பத்தார் ஒருவர் கூடவே இருக்க, சில வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. படித்தவர்களில் பாதிப் பேர் கொதித்தார்கள், மூடநம்பிக்கைக்குச் சான்றிதழா என்று.

எங்கள் கருத்து இது. சங்கிலி நம்பிக்கை ஆகாது. அது குற்றம், 2017 சட்டமும் அதைத் தெளிவாகத் தடைசெய்கிறது. அதே சமயம், மந்திரிக்கப் போனவரை ஏளனம் செய்யும் மருத்துவரிடம் அந்தக் குடும்பம் மறுபடி வராது. அந்தக் கோயிலில் எது வேலை செய்தது? சாமியா, கூட இருந்த அம்மாவா, காலையில் வாசல் கூட்டக் கொடுத்த சின்ன வேலையா? சின்னஞ்சிறிய ஆய்வு அது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. பெரிய அளவில் இந்தக் கேள்வியைக் கேட்கப் பணம் கேட்டால் நிபுணர் குழு சிரிக்கிறது. சிரிக்காமல் படித்துப் பார்க்கும் குழு வேண்டும். கோயில் பூசாரியும் தர்காவின் முஜாவரும் ஆய்வின் ஆலோசனைக் குழுவில் உட்கார வேண்டும்.

ஆறாவது: பதவி உயர்வின் தராசு

1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்க வைத்தார். வேலூரும் பெங்களூரும் பின்னால் அந்த வழியில் நடந்தன. இந்திய மனநல மருத்துவத்தில் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது. அவர் எழுதிய கட்டுரைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்றைய புள்ளிக் கணக்கை அவருக்குப் போட்டால் இணைப் பேராசிரியர்கூட ஆகமாட்டார்.

வீடு வீடாகப் போய் ஒரு கட்டுரைக்கு ஐந்து வருஷம் எடுப்பவரையும், பிறர் டேட்டாவைக் கணினியில் ஓட்டி வருஷத்துக்கு எட்டுக் கட்டுரை போடுபவரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். மாறிய திட்டம், உருவான சேவை, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் ஆகியவற்றுக்கும் புள்ளி கொடுங்கள். இப்படி மக்களுக்குப் பயன்பட்ட ஆய்வுக்கு முன்னுதாரணம் உண்டு. ஐடியாஸ் என்ற இந்திய ஊன அளவுகோலை உருவாக்கியவர்கள் நம் ஆய்வாளர்கள்தான். சுயபராமரிப்பு, பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதி. 40 சதவீதம் எட்டினால் மாற்றுத்திறனாளி சான்றிதழ். ஆட்சியர் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழோடு வரிசையில் நிற்கிறவருக்கு அது எந்த இதழில் வந்தது என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பிள்ளை பெற்றுத் திரும்பி வரும் பெண் ஆய்வாளருக்கு ஃபெலோஷிப் வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வு வேண்டும். இதற்கு விளக்கம் எழுதப் போவதில்லை.

ஏழாவது: யாரைப் பற்றிய ஆய்வோ, அவருக்கும் இடம்

நோயிலிருந்து மீண்டவர்களும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களும் ஆய்வுக் குழுவில் சம்பளத்தோடு இருக்க வேண்டும். கேள்வியே மாறும் என்பதற்காகச் சொல்கிறோம். மருந்தின் அளவு பற்றி ஆயிரம் ஆய்வு உண்டு. மனச்சிதைவு வந்ததால் கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்பதைத் தாராவும் சகாக்களும் 2003-இல் எழுதினார்கள். அது போன்ற கேள்வி வீட்டுக்குள்ளிருந்துதான் வரும். எங்கள் கூட்டத்தில் ஓர் அப்பா கேட்டது இன்னும் எழுதப்படாத ஆய்வு: “எனக்கு 71. எனக்கப்புறம் இவன யார் பாப்பாங்க சார்?”

எட்டாவது: பழைய கேஸ் ஷீட்டுகள்

கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வேர் 1794-க்குப் போகிறது. சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். தமிழ்நாட்டு மனநல மருத்துவத்தின் நினைவு முழுவதும் இப்படிப்பட்ட இடங்களின் காகிதத்தில் இருக்கிறது. வேறோர் அரசு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், சாக்கு மூட்டையில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த கேஸ் ஷீட்டுகளைக் கரையான் பாதி தின்றிருந்ததைக் கண்ணால் பார்த்தோம். பெயர்களை மறைத்து, மின்னணு வடிவமாக்கி, ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். இந்த வருஷமே.

எங்களுக்கு நாங்களே

பிறரிடம் மட்டும் கேட்டால் நியாயம் ஆகாது. நாங்களும் தவறு செய்திருக்கிறோம். மோர் குடித்துவிட்டு டேட்டாவோடு போய், திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறோம். கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்து வாங்குவதையே சம்மதம் வாங்கியதாக நினைத்திருக்கிறோம். பேட்டிக்குக்கூட விவரம் அறிந்து, சுதந்திரமாகத் தரும் சம்மதம் வேண்டும், அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-வது பிரிவு சொல்வதை எத்தனை பேரிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னோம்? வெளிநாட்டுப் பணத்தில் வந்த திட்டங்களில் டேட்டாவை அப்படியே அனுப்பிவிட்டு, ஆசிரியர் வரிசையில் பதினான்காவது பெயரோடு திருப்திப்பட்டிருக்கிறோம். இனி மூலத் தரவின் ஒரு பிரதி தமிழ்நாட்டிலேயே இருக்கும் என்று எழுதித் தராத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மேடையில் பேசும்போது இந்தச் சாசனத்தைக் குறிப்பிட வேண்டாம். பதில் எழுத்தில் வேண்டும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக, முடியாது என்றால் முடியாது என்றே. எங்களில் பலருடைய ஒப்பந்தம் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. ஏப்ரலில் போய்ப் பார்க்க வேண்டியவர்களின் பட்டியல் எங்கள் கையில் இருக்கிறது. அவர்களிடம் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.